விளக்குக்குப் போட்ட புள்ளடி

முதலில் எனக்குத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், அதுதான் இல்லை. தவமணியக்காவும் நானும் ஒரே ஊர், ஒரே ஒழுங்கை. டென்மார்க்கில் இந்தச் சில்க்போர்க்குக்கு வந்த பிறகும் அவருடைய வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் மூன்று பஸ் தரிப்புத்தான். ஆனாலும் அவர் போய்விட்டார் என்ற செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது சில்க்போர்க்கில் பாதிப்பேர் அழுது முடித்திருந்தார்கள். நான் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி என்று சமையலறையிலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் வெள்ளிக்கிழமைப் பூசைச் சபையின் செயலாளர் ஏகாம்பரம் அண்ணையின் மனைவி பேசினார்.

"பாக்கியமக்கா, கேள்விப்பட்டிருப்பியள்தானே?"

"என்னத்தை?"

"அப்ப உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே? தவமணியக்கா விடிய ஆஸ்பத்திரியில மோசம் போயிட்டாவாம். மகள் சுகந்தி எங்களுக்குத்தான் முதல் போன் எடுத்தவள்."

கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் அழுகை வரவில்லை. மூன்று வருடமாகத் தவமணியக்காவின் கையால் ஒரு வாய் தேத்தண்ணி வாங்கிக் குடிக்காத வீட்டுக்கு முதலாவது தொலைபேசி, எனக்குக் கடைசியா என்றுதான் நெஞ்சு எரிந்தது. அதற்குப் பிறகுதான் விரிப்புக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தகன மண்டபத்தில் நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். பிரெடெரிசியாவிலிருந்து இரண்டு வான், அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து ஒரு பஸ். எனக்கு இவ்வளவு சனம் வருமா என்று அந்த இடத்திலும் எண்ணிப் பார்த்தேன். என் குணம் அப்படி. ஏகாம்பரம் அண்ணை எழுந்து பேசினார். நல்லாய்த்தான் பேசினார். கடைசியில் சொன்னார், "அவ ஒருக்கால் பெரிய பிழையொண்டு விட்டவதான். ஆனாலும் செத்த ஆளில கோவம் வைக்கக் கூடாது. நாங்கள் அவவை மன்னிச்சிட்டம்." நீங்களும் தலையாட்டினீர்கள். சுகந்தி தாயின் காலடியில் குனிந்து நின்றாள். நானும் நின்றேன், வாய் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று சுகந்தி கேட்டாள்.

"எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு பிள்ளை. ஆரும் படிச்ச ஆக்களைக் கேளன்" என்றேன்.

"அம்மா சொல்லுறவ சின்னம்மா, பாக்கியத்துக்கு வாயும் நிக்காது, பேனையும் நிக்காது எண்டு. நீங்களே எழுதுங்கோ."

ஆகவே எழுதுகிறேன். ஏகாம்பரம் அண்ணை மன்னித்த பிழையைத் தவமணியக்கா செய்யவில்லை. அதைச் செய்தவள் நான். அவருடைய மகள் அந்தப் பெயரோடு இந்த ஊரில் இருக்கக்கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும்.

தவமணியக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவருக்குக் குரல் இருந்தது. எனக்குப் பக்தி இருந்தது. கோயிலில் பதிகம் பாட ஐயர் திரும்பிப் பார்ப்பது அவரைத்தான். நான் விரதம் இருந்து, கோயில் வீதி கூட்டி, பூ ஆய்ந்து, மாலை கட்டிக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன். அவர் அடுப்பில் புட்டை இறக்கி வைத்துவிட்டு, கை துடைத்த ஈரம் காயாமல் ஓடி வந்து வாயைத் திறப்பார், கோயில் முழுக்கத் திரும்பும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"அக்கா, நீங்கள் விரதமும் பிடிக்கிறேல்லை. எப்பிடி உங்களுக்கு மட்டும் இப்பிடி வருது?"

"நீ பிடிக்கிற விரதமெல்லாம் எனக்கு வந்து சேருதாக்கும்" என்றார்.

பகிடிக்குத்தான் சொன்னார். நான் அன்றிரவு சாப்பிட்டேன், திங்கட்கிழமை விரதத்தை முறித்துக்கொண்டு.

இப்போது அந்த வாக்கெடுப்புக்கு வருகிறேன். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்காக விளக்கமாகச் சொல்கிறேன். எங்கள் நாட்டில் பொதுத் தேர்தல் வைக்க வேண்டிய காலம் அது. தேர்தலை வைக்காமல், இருக்கிற பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடத்துக்கு நீட்டலாமா என்று சனத்தைக் கேட்டார்கள். ஓம் என்றால் விளக்குப் படத்துக்கு நேரே புள்ளடி, அதுதான் பெருக்கல் அடையாளம், போட வேண்டும், வேண்டாம் என்றால் குடத்துக்கு நேரே. எங்கள் ஊரில் குஞ்சு குருமனுக்கும் தெரியும், குடத்துக்குத்தான் போடுவது என்று. தவமணியக்காவின் மனிசன் சிவலிங்கம் அண்ணை வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அது மார்கழி மாதம், அதிகாலைப் பூசை நடக்கிற நாட்கள். நான் விடியக் குளித்து, கோயிலுக்குப் போய், ஈரத் தலையோடு நேரே வாக்குப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் இவர் அப்போது கப்பலில் வேலை. இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. அதோடு, மாமியாரின் முப்பத்தோராம் நாள் முடிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. கொள்ளி வைக்கிற மைத்துனர் தோளில் குடத்தை வைத்துக்கொண்டு சுற்றி வந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியால் கொத்தி ஓட்டை போட்டது, தண்ணீர் பீறியது, கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தது எல்லாம் கண்ணிலேயே நின்றது. மறைப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தேன். ஒரு பக்கம் விளக்கு, ஒரு பக்கம் குடம். குடத்துக்குப் பக்கத்தில் பென்சிலைக் கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது. கடலில் புருசன் இருக்கிறான், கடிதம் இல்லை, பூசை நாளில் வந்து நின்றுகொண்டு நான் குடம் வேண்டும் என்று கேட்கிறேனா? தாலி கட்டிய எவளுக்கு மனம் வரும்? விளக்குக்குப் போட்டேன். விளக்கேற்றுவதுபோல நினைத்துக்கொண்டு போட்டேன். மடித்துப் பெட்டிக்குள் விட்ட பிறகுதான் அரசியல் ஞாபகம் வந்தது.

வெளியே தவமணியக்கா நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்து மதிலோரமாக இழுத்துக்கொண்டு போனார். நான் அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எடி விசரி" என்றார், "பூசையில வைக்கிற கும்பமும் குடந்தானே. அதையேன் நினைக்கேல்லை?"

அது எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. எல்லாம் அவருக்குத்தான் தோன்றும்.

"சரி, விடு. ஒருத்தருக்கும் வாய் திறக்காதை. உன்ர மனிசனுக்கும் சொல்லாதை. நானும் சொல்லன்."

எங்கள் பக்கத்தில் குடம் வென்றது. நாடு முழுக்க விளக்கு வென்றதாகச் சொன்னார்கள். கள்ள வாக்கும் பயமுறுத்தலும் என்று எதிர்த்தவர்கள் கத்தினார்கள், கேட்க ஆளில்லை. தேர்தல் இல்லாமல் அதே ஆட்கள் இருந்தார்கள். அடுத்த ஆடியில் கொழும்பு எரிந்தது. பிறகு பிடித்துக்கொண்டு போனவர்களை ஏன் என்று கேட்க முடியாத காலம் வந்தது. அரசாங்கத்தை மாற்ற ஒரு வழி இருந்தால்தானே அவர்களுக்குப் பயமிருக்கும்? என்னுடைய ஒரு புள்ளடியால் ஒரு நாடு கெடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு கெட்ட செய்திக்கும் என் வலது கைதான் முதலில் குளிர்ந்தது. வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தேன். அதைக் கண்டு ஊரில் என்னைப் பக்தி மிகுந்தவள் என்றார்கள்.

பிறகு எங்கள் இவரும் சிவலிங்கம் அண்ணையும் ஒரே கிழமையில் டென்மார்க் வந்து சேர்ந்தார்கள். எங்களைக் கூப்பிட அனுமதியும் வந்தது. சண்டையால் மூடிக் கிடந்த பாதை திறந்ததும் கொழும்புக்குப் போய் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அது ஆடி மாதம்.

"வா பாக்கியம், ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் குடுப்பம்" என்று தவமணியக்கா வந்து நின்றார், சுகந்தியையும் பையையும் கையில் பிடித்துக்கொண்டு.

"ஆடியில ஆரக்கா நல்ல காரியம் தொடங்குறது? ஆவணி பிறக்கட்டும். நான் நாள் பாத்து வைச்சிருக்கிறன்."

"சாமிக்கு ஆடியென்ன ஆவணியென்ன" என்றுவிட்டுப் போனார்.

அவருடைய விண்ணப்பம் போனது, விசா வந்தது. நான் ஆவணியில் வளர்பிறை பார்த்து, தேங்காய் உடைத்துவிட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் இங்கே ஒரு மந்திரி தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை எல்லாம் அடியில் போடச் சொன்னது. அது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நாளும் பார்க்காத, விரதமும் பிடிக்காத தவமணியக்கா கம்பளிச் சட்டையோடு பனியில் நின்று படம் எடுத்து அனுப்புகிறார், நான் கொழும்பில் ஒரு வீட்டின் பின்னறையில், ஆறு பேருக்கு ஒரு குசினியில், காத்துக் கிடக்கிறேன். இரண்டு வருடம். அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டாமல் பெட்டிக்கு அடியில் குப்புறப் போட்டு வைத்தேன்.

அந்த அறையில் இருந்துதான் எங்கள் இவருக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். அந்த வசனம் எனக்கு இன்னும் மனப்பாடம். "விளக்குக்குப் போட்ட தவமணிக்கு விசா வருகிறது, குடத்துக்குப் போட்ட எனக்கு வரவில்லை. சாமி இருக்கிறாரோ என்றுகூட எனக்கு இப்போது சந்தேகம்." ஒரு வசனத்துக்குள் இரண்டு பொய். மூன்றாவதாகச் சாமியையும் இழுத்திருந்தேன். எங்கள் இவர் அதை நம்பினார். நம்பியதை டென்மார்க்கில் தன்னோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கும் சொன்னார். ஏகாம்பரம் அண்ணை அப்போது அதே அறையில்தான் இருந்தவர்.

நான் வந்து சேர்ந்து மூன்றாம் மாதம் தைப்பொங்கல் வந்தது. பள்ளிக்கூடத்து ஜிம் மண்டபம், உங்களில் பாதிப்பேர் அங்கே இருந்தீர்கள். தவமணியக்கா வீட்டிலிருந்து பொங்கி, பானையைப் போர்வையால் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவர் அகப்பையோடு நின்றார், நான் பக்கத்தில் கடதாசித் தட்டு நீட்டிக்கொண்டு நின்றேன். ஏகாம்பரம் அண்ணை பேசிக்கொண்டிருந்தார். ஊர் நிலைமையைச் சொல்லிச் சொல்லி அவருக்குக் குரல் ஏறியது.

"எங்கட வீட்டைக் கொளுத்தினது ஆர்? அண்டைக்குப் போட்ட விளக்குத்தான் கொளுத்தினது. எங்களுக்குள்ளையும் அதுக்குப் புள்ளடி போட்ட ஆக்கள் இருக்கினம். தெரியாதெண்டு நினைக்க வேண்டாம்."

"ஆரெண்டு சொல்லுங்கோவன் அண்ணை" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் பொங்கல் மேசையைப் பார்த்தார். "தவமணியக்கா, நீங்கள் எதுக்குப் போட்டனீங்கள்?"

சிவலிங்கம் அண்ணை கதிரையில் பாதி எழுந்து நின்றார். எங்கள் இவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். நான் எதையும் பார்க்கவில்லை. தட்டு என் கையில் ஆடியது. தவமணியக்கா ஆடிய தட்டைப் பிடித்து வாங்கினார். வாங்குகிற அந்த நேரத்துக்குள் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அதில் பொங்கலை வைத்துக்கொண்டே சொன்னார்.

"விளக்குக்குத்தான் போட்டனான். ஆற முதல் வாங்கிச் சாப்பிடுங்கோ தம்பி."

"பாத்தியளே, வாயாலையே சொல்லிப்போட்டா."

முதலாவதாக நின்ற பெண் நீட்டிய தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். அடுத்தவரும் வந்தார். வரிசை அவருக்கு முன்னாலிருந்து எனக்கு முன்னால் நகர்ந்தது. தவமணியக்கா அதைக் கண்டதும் அகப்பையை என் கையில் தந்துவிட்டுப் போய்க் கைகழுவினார். அவர் பொங்கியதை நான் அள்ளி வைத்தேன். வாங்கிச் சாப்பிட்டீர்கள். நல்லாயிருக்கு பாக்கியமக்கா என்று என்னிடம்தான் சொன்னீர்கள்.

அடுத்த நாள் பின்னேரம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வேலை முடிந்து வந்தோம். வெளியே பனி கொட்டியது.

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பின்ன என்னத்தைச் சொல்லுறது? நான் இல்லையெண்டால் அப்ப ஆரெண்டு கேப்பான். உன்ர முகத்தைப் பாத்தால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

"உங்களை எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்கினம்."

"பாக்கட்டும். நீ வந்து மூண்டு மாசம். உனக்கு இஞ்ச ஆரைத் தெரியும்? எனக்குப் பாசை வருது, வேலையில நாலு டெனிஷ்காரியள் கதைக்கினம். நான் தாங்குவன்."

நான் தாங்குவன். அந்தச் சொல்லை நான் பல நாள் மென்றேன். என்னால் தாங்க முடியாது என்று அவரே முடிவெடுத்துவிட்டார் பாருங்கள். என் பாவத்தைச் சுமப்பதிலும் அவர்தான் என்னைவிடக் கெட்டிக்காரி. அதற்காகவே எழுந்து நின்று, நான்தான் போட்டேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் கத்தவில்லை. இரண்டு கிழமை ஏசிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று அவர் நினைத்தார். நானும் அப்படி நினைத்துக்கொண்டேன், அது எனக்கு வசதியாக இருந்தது.

விடவில்லை. கலியாண அழைப்புகள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசையில் முதலாவது பதிகம் பாடும் இடம் எனக்கு வந்தது. ஆம், எனக்குத்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரில் முப்பது வருடம் ஏங்கியது டென்மார்க்கில் ஜிம் மண்டபத்தில் கிடைத்தது. புகை மணி அடித்துவிடும் என்று அங்கே திரி விளக்கு ஏற்ற விடமாட்டார்கள். மின்சார விளக்குத்தான் சாமிக்கு முன்னால் எரியும். நான் அதற்கு முன்னால் உட்கார்ந்து பாடினேன். தவமணியக்கா பின்னால், மேலங்கிகள் தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தார். எனக்குச் சுருதி நிற்காது, அது உங்களுக்குத் தெரியும். நான் இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று என்னைத் தூக்கிவிடும். யாருடைய குரல் என்று நீங்கள் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

ஒருமுறை அவரிடம், "அக்கா, பின்னாலையிருந்து பாடாதேங்கோ, எனக்குக் குழம்புது" என்றேன்.

"ஓம் பாக்கியம், இனிப் பாடேல்லை."

அடுத்த வெள்ளி அவர் பாடவில்லை. பதிகம் முழுக்கத் தாழ்ந்துபோய் நான் நடுவில் இருமுவதுபோல நடித்து நிறுத்தினேன். அதற்கடுத்த வெள்ளி நான் கேட்காமலே அவர் பாடினார்.

மந்திரியை விசாரித்த நேரத்தில், காத்துக் கிடந்த தமிழ்ப் பெண் ஒருவரிடம் கதைக்க வேண்டும் என்று இங்கத்தைய பத்திரிகையில் இருந்து ஒரு பெண் வந்தார். அந்த நாளுக்காக நான் கூறைச் சீலை உடுத்தேன். எனக்கு டெனிஷ் வராது என்று தவமணியக்கா மொழிபெயர்க்க வந்தார். நான் ஒரு வசனம் சொன்னால் அவர் மூன்று வசனம் சொல்வார். அந்தப் பெண் அவரைப் பார்த்துப் பார்த்தே எழுதினார். பத்திரிகை வந்தது. நடுவில் தவமணியக்கா, வேலை உடுப்போடு. ஓரத்தில் என்னுடைய கூறைச் சீலையின் கரை.

"காத்துக் கிடந்தது நான். படம் உங்கடை" என்றேன்.

"அவள் கேட்டவள், ரெண்டு வருசம் எப்பிடிச் சமாளிச்சவ எண்டு. நீ 'கடவுளே' எண்டுபோட்டு இருந்திட்டாய். நான்தான் நீ ஆறு பேரோட ஒரு குசினியில சமைச்சதெல்லாம் சொன்னனான். உன்ர கதையைத்தான் எழுதியிருக்கிறாள், வாசிச்சுப் பார்."

எனக்கு எங்கே வாசிக்க வரும்? நான் குசினிக் கதையை அவருக்குச் சொன்னதாகவே ஞாபகமில்லை. எப்போதோ புலம்பியிருப்பேன். அவர் மறக்காமல் வைத்திருந்தார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தது தை மாதம். இதயம் பலவீனம் என்றார்கள். கட்டிலுக்கு மேலே தொலைக்காட்சி ஓடியது. எங்கள் விண்ணப்பங்களை அடியில் போட்ட விசயத்தில் பிரதம மந்திரியே பதவி விலகுகிறார் என்று செய்தி. தவமணியக்கா எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார், மூச்சு வாங்கி வாங்கி.

"பாத்தியே பாக்கியம், உன்ர பேப்பரை அடியில வைச்சதுக்கு ஒரு அரசாங்கமே எழும்பிப் போகுது. அங்க சனத்தின்ர வாக்கையே அடியில வைச்சவையை ஏனெண்டு கேக்க ஒருத்தரும் இருக்கேல்லை."

வாக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, கொழும்பிலையிருந்து நான் ஒரு கடிதம் எழுதினனான்…"

"தெரியும். உன்ர மனிசன் அதை அண்டைக்கே எங்கட இவருக்கு வாசிச்சுக் காட்டினவர்."

"தெரிஞ்சுகொண்டே எனக்காக அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"கோவம் வராமலில்லை. வந்தது. உன்னை விமான நிலையத்தில கண்டவுடன கன்னத்தில ஒண்டு போடவேணும் எண்டுதான் வந்தனான். வந்து பாத்தால் நீ எலும்பும் தோலுமா நிக்கிறாய். அடிக்க இடமில்லை."

இருவரும் சிரித்தோம். பிறகு கேட்டேன், "நான் எல்லாருக்கும் சொல்லட்டே அக்கா?"

"இப்ப வேண்டாம். இப்ப சொன்னால் எல்லாரும் இஞ்ச வந்து நிண்டு அழுவினம். எனக்குக் களைப்பாயிருக்கு. நான் போனாப்பிறகு உன்ர விருப்பம்."

என்னுடைய விருப்பம் இதுதான். விளக்குக்குப் போட்ட புள்ளடி என்னுடையது. கடிதம் என்னுடையது. தவமணியக்காவில் பழி விழுந்தபோது பக்கத்தில் தட்டோடு நின்றவளும் நான்தான். எங்கள் இவருக்கும் இதை அச்சில் பார்க்கும்போதுதான் தெரியும். அவருக்கு நான் வேறு சொல்ல வேண்டியதில்லை, கோபம் வந்தால் இரண்டு நாளைக்குத் தானே சமைத்துச் சாப்பிடட்டும். ஏகாம்பரம் அண்ணைக்கு ஒன்று. மன்னிப்பதென்றால் ஆளைப் பார்த்து மன்னிக்க வேண்டும். நான் காலை ஏழு மணியிலிருந்து சலவை அறையில்தான் நிற்பேன். அதற்கு முதல் சுகந்தியின் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடியுங்கள்.

வருகிற வெள்ளி முதலாவது பதிகத்தை நான் பாட மாட்டேன். பக்தியால் சொல்லவில்லை. பின்னாலிருந்து தூக்கிவிட ஆளில்லாமல் என்னால் முடியாது. சுகந்திக்குத் தாயின் குரல் இருக்கிறது, அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், என்ன செய்ய? அவருடைய சீலைகள் சுகந்திக்கு. அவருடைய பெயர் உங்கள் எல்லோருக்கும். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, ஆடிய தட்டை வாங்குகிற நேரத்துக்குள் அவர் என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வை. அதை யாருக்கும் பங்கு தரமாட்டேன்.

எழுதி முடித்துக் கடதாசியை மடிக்கும்போதுதான் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. இத்தனை வருடம் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை; அன்றைக்கு எனக்கு என் அழுகைதான் பெரிதாக இருந்தது. மதிலோரம் நின்று நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது தவமணியக்கா தன் கதையையும் சொன்னார். வரிசையில் நின்று உள்ளே போனாராம். பட்டியலைப் பார்த்த உத்தியோகத்தர், "உங்கட பேருக்கு விடியவே ஆரோ வந்து போட்டிட்டுப் போயிட்டினம் அம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். தவமணியக்கா அன்றைக்கு வாக்கே போடவில்லை.